மாசானத்தின் இரண்டாவது இடது காது

கடவுள் மூளை பங்கு வைத்த நாளில் மாவடிக்குளத்துக்காரர்கள் மூன்று பேர் வரிசையில் நிற்கத்தான் செய்தார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் "நீங்க முன்னால போங்க, எங்களுக்கு அவசரமில்லே" என்று மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே இருந்ததில், இவர்கள் முறை வரும்போது அண்டா காலி. கடவுளுக்கு மனசு கேட்கவில்லை. அடியைச் சுரண்டிக் கொடுத்தார். அதை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டு, மூன்று பேரும் நேராக வந்து 'செவிச்செல்வம்' காது பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன் பட்டுராஜன். ரெஜிஸ்டர் எழுதுகிறவள் சீனியம்மாள். பில் மேசை குலசேகரத்துடையது. நாம் குலசேகரத்தின் பின்னாலேயே போவோம், ஏனென்றால் தலை போகிற காரியம் அவருக்குத்தான்.

குலசேகரம் இதற்கு முன்னால் மாமனாரின் வாழைக்காய் மண்டியில் இருந்தார். ஒருநாள் மாமனார், "மாப்ளே, நான் வர்ற வரைக்கும் இந்தத் தாரையெல்லாம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனார். குலசேகரம் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். காய் பழுத்ததைப் பார்த்தார், பழம் கறுத்ததைப் பார்த்தார், கறுத்தது வடிந்து வாசல் வரை ஓடியதையும் கண்கொட்டாமல் பார்த்தார். திரும்பி வந்த மாமனார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் குலசேகரத்துக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. செத்தாலும் மண்டிக்குத் திரும்புவதில்லை என்று அன்றைக்கே சத்தியம் பண்ணியிருந்தார்.

காதுக்கு எத்தனை பரிசோதனை உண்டோ அத்தனைக்கும் ஒரு கோடு நம்பர் உண்டு. செய்த பரிசோதனைக்குச் சரியான நம்பரைப் போட்டு, தாள்களைச் சேர்த்து, கம்ப்யூட்டர் வழியாக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தப்பாகப் போனால் ஃபைல் திரும்பி வந்துவிடும். குலசேகரம் அனுப்பியதில் ஒன்பது ஃபைல் சுவரில் எறிந்த பந்து மாதிரி திரும்பி வந்திருந்தன.

டாக்டரம்மா ஞானசுந்தரி அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"குலசேகரம், இன்னைக்கு மாசானம்னு ஒருத்தர் பெரா டெஸ்டுக்கு வருவார். அது பத்தாவது ஃபைல். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அது பாஸாகணும். அதுவும் திரும்பி வந்ததுன்னா கம்பெனி நம்மளை லிஸ்ட்ல இருந்தே எடுத்திரும். அப்புறம் பில் மேசையே இருக்காது. நீ உங்க மாமனார் மண்டிக்கே போயிரலாம்."

குலசேகரமும் கார்க் கதவை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

"மூணே மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கோ. ஒண்ணு, எழுதாதது நடக்காதது. ரெஜிஸ்டர்ல இல்லேன்னா கம்பெனியைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. ரெண்டு, இந்தக் கோடு நம்பர் ரெண்டு காதுக்கும் சேர்த்து. ஒத்தைக் காதை எடுத்துட்டு இந்த நம்பரைப் போடக்கூடாது. மூணு, நோயாளி தூங்கும்போதுதான் டெஸ்ட் எடுக்கணும். தூங்கினார்னு ஃபாரத்துல அவர்கிட்டயே கையெழுத்து வாங்கணும்."

"எழுதாதது நடக்காதது, சரிம்மா," என்றான் பட்டுராஜன். "நடக்காததை எழுதிட்டா?"

கார் போய்விட்டது. அந்தக் கேள்வி அவரவர் மூளைக்கு விடப்பட்டது.

மாசானம் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வெடி போடுகிறவர். திரியைக் கொளுத்திவிட்டு எப்போதும் வலது பக்கமாகத் திரும்பி நிற்பார். அதனால் முப்பத்தெட்டு வருஷத்து வெடியும் ஒன்று பாக்கியில்லாமல் இடது காதுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. வலது காது பாம்புக் காது. தாளில் எலி நடந்தால்கூடக் கேட்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரைமணி நேரம் பொறுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தாயி, நான் வந்து எவ்வளவு நேரமாச்சு!"

"நீங்க இன்னும் வரலே," என்றாள் சீனியம்மாள், எழுதுவதை நிறுத்தாமல்.

"இந்தா நிக்கேன்லா?"

விஷயம் இதுதான். எழுதாதது நடக்காதது என்று கேட்டதிலிருந்து சீனியம்மாள் ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடியது, பல்லி கத்தியது, ஃபேன் இன்னும் ஓடியது, எல்லாம் ரெஜிஸ்டரில் ஏறிக்கொண்டிருந்தன. மணி பத்தரை. அவள் பேனா ஒன்பது இருபதில் நின்றுகொண்டிருந்தது.

"யக்கா, இப்ப எங்க வந்திருக்கீய?" என்று குலசேகரம் கேட்டார்.

"பட்டுராசன் தும்மினதுல. மொதத் தும்மல் முடிஞ்சிட்டு. ரெண்டாவது இப்பத்தான் வருது."

குலசேகரம் மாசானத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரியவரே, நீங்க பத்து மணிக்குத்தான் வாறீய. இன்னும் நேரம் கெடக்கு. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

மாசானம் தலையில் அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அவர் வடை கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சீனியம்மாளின் பேனா பத்து மணியைத் தொட்டது. 'மாசானம் வந்தார். பெஞ்சில் அமர்ந்தார்' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். வாயைத் துடைத்துக்கொண்டு மாசானம் உள்ளே வந்தார்.

"நீங்க யாரு?" என்றாள் சீனியம்மாள்.

"மாசானம்."

"மாசானம் ஏற்கெனவே வந்து பெஞ்சில இருக்காவ."

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். மாசானமும் பார்த்தார். காலியான பெஞ்சை இத்தனை பேர் சேர்ந்து பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குலசேகரம் மேசையைத் தட்டினார். "சண்டை வேண்டாம். எழுதுங்கக்கா: 'அந்த மாசானம் எழுந்து போனார். இந்த மாசானம் வந்தார்.' ஆச்சா? பெரியவரே, இப்ப உக்காருங்க."

அடுத்து, கம்பெனி அனுப்பியிருந்த அனுமதிக் கடிதத்தைப் பிரித்தார்கள். 'பரிசோதிக்க வேண்டிய காது: இடது' என்று அதில் இருந்தது. குலசேகரத்தின் முகம் சுருங்கிப்போனது.

"இடது ஒண்ணுதான் போட்டிருக்கான். அம்மா ரெண்டு காது வேணும்னாவளே."

"வலதையும் சேத்து எடுத்திருவோம் அண்ணாச்சி. அதான் பக்கத்திலேயே இருக்கே," என்றான் பட்டுராஜன்.

"எங்க இருக்கு? தாள்ல காட்டு."

பட்டுராஜன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வலது காது எங்கேயும் இல்லை.

"எழுதாதது கெடையாது," என்றார் குலசேகரம். "இவருக்கு வலது காது கெடையாது."

"காலையில டீக்கடையில பாட்டு கேட்டேனே?" என்றார் மாசானம்.

"டீக்கடையில கேட்டதை எல்லாம் கம்பெனி ஒத்துக்கிடாது, பெரியவரே."

மூன்று பேரும் நாடியில் கை வைத்து, மதியச் சோற்றையும் மறந்து யோசித்தார்கள். ரெண்டு காது வேண்டும். ரெண்டும் இடதாக இருக்க வேண்டும். கடைசியில் குலசேகரத்துக்குப் பொறி தட்டியது. அந்த நேரத்தில் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"பட்டுராசா, ஒனக்கு எத்தனை இடது காது?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"அது நல்ல நிலைமையிலதான இருக்கு? பெரியவருக்கு ஒரு மணி நேரம் குடு. அவர்து ஒண்ணு, ஒன்னுது ஒண்ணு. கணக்கு நேராயிட்டு."

பட்டுராஜன் தாராள மனசுக்காரன். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், காதா பெரிசு? சீனியம்மாள் எழுதிவிட்டாள்: 'வியாழன் மதியம் மூன்று மணி. நோயாளிக்கு இரண்டாவது இடது காது வந்து சேர்ந்தது.'

பெரா டெஸ்ட் என்பது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயரை ஒட்டி, காதுக்குள் டக்டக்கென்று சத்தம் கொடுத்து, மூளை அதைக் கேட்டதா இல்லையா என்று மெஷின் தானாகக் கோடு போட்டுக் காட்டுவது. அதற்கென்று சத்தம் புகாத ஒரு சின்ன அறை. ஒரே கட்டிலில் மாசானமும் பட்டுராஜனும் ஒட்டிப் படுத்தார்கள். இரண்டு பேருக்கும் இடது காதில் வயர். பட்டுராஜன் தலை சாய்ந்ததும் குறட்டை விட்டான். அது அவனுக்குச் சம்பளம் வாங்கிப் பழகிய வேலை. மாசானம் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தூங்குங்க பெரியவரே," என்று குலசேகரம் கெஞ்சினார்.

"எப்படித் தம்பி தூங்க? இவ்வளவு அமைதியா இருக்கு, பயமால்லா இருக்கு. கொடையில வேட்டுச் சத்தத்துக்கு நடுவுலயே தூங்கிப் பழகின ஒடம்பு. நாலு சத்தம் கேட்டாத்தான் கண்ணு அசரும்."

சீனியம்மாள் உள்ளே போய் எவர்சில்வர் தட்டையும் பெரிய கரண்டியையும் எடுத்து வந்து, அறைக் கதவைச் சாத்தாமலே கட்டிலின் தலைமாட்டில் நின்று பலம்கொண்ட மட்டும் அடித்தாள். பக்கத்துத் தையல் கடைக்காரர் தீ விபத்து என்று நினைத்து இறங்கி ஓடினார். மாசானத்தின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. மூன்றாவது அடிக்கு வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். குலசேகரம் தைரியமாகப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மெஷினும் என்னவோ கோடுகளைப் போட்டது.

ஃபாரத்தில்தான் அடுத்த இடி. 'பரிசோதனை முழுவதும் நான் தூங்கினேன்' என்று அச்சடித்து, அதற்குக் கீழே நோயாளி கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"எழுப்பிக் கையெழுத்து வாங்குவோம்," என்றாள் சீனியம்மாள்.

"எழுப்பினா முழிச்சிருவாரே. முழிச்சவர் தூங்கினேன்னு எப்படிப் போடுவார்?"

"அப்ப தூக்கத்திலேயே போடச் சொல்லுவோம்."

கையில் பேனாவைச் சொருகிப் பார்த்தார்கள். அவர் அதைத் திரி என்று நினைத்தாரோ என்னவோ, தூக்கத்திலேயே வீசி எறிந்துவிட்டு வலது பக்கம் திரும்பிப் படுத்தார். வேறு வழியில்லாமல் எழுப்பினார்கள். அவர் எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நான் எங்க தூங்கினேன்? சும்மா கண்ணை மூடிட்டுல்லா கெடந்தேன்."

"குறட்டை விட்டீயளே!"

"அது அந்தத் தம்பி. எனக்கு ஒரு பொட்டு கண்ணு அசரலே. பொய்க் கையெழுத்து போடுற சாதி நான் இல்லே, ஆமா."

நம் ஊரில் பகலில் தூங்கினேன் என்று ஒத்துக்கொண்ட மனிதன் இதுவரை பிறக்கவில்லை. மாசானத்தை மட்டும் சொல்லி என்ன? குலசேகரத்துக்குக் கண்ணெதிரே வாழைத்தார் தொங்க ஆரம்பித்தது. நல்லவேளையாக, சீனியம்மாள் தட்டு அடித்த அழகைத் தன் மகளுக்குக் காட்டுவதற்காகச் செல்போனை அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்திருந்தாள். அதைப் போட்டுக் காட்டினார்கள்.

மாசானம் உற்றுப் பார்த்தார். "யாருய்யா இது, கொசு போறது தெரியாம வாயைப் பொளந்துகிட்டு?"

"நீங்கதான்."

"நான் இங்கல்லா இருக்கேன்." இன்னொரு தடவை பார்த்தார். மனசு இளகிவிட்டது. "பாவம், என்ன அசதியோ. பச்சப்புள்ள கணக்கா தூங்குதான். இவன் தூங்கினான்னு நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். கொண்டாங்க அந்தத் தாளை."

போட்டுவிட்டார். ரெஜிஸ்டர் பக்கம், மெஷின் கோடு, ஃபாரம், கோடு நம்பர் எல்லாம் சேர்த்து ஃபைல் கம்பெனிக்குப் போனது. அன்றைக்குக் குலசேகரம் இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. குலசேகரம் உரக்க வாசித்தார்.

"'நோயாளிக்கு இரண்டு இடது காதுகள் இருப்பதாக அறிகிறோம். இது பிறவிக் குறை. பிறவிக் குறைகளுக்குப் பாலிசியில் இடமில்லை. மாலை ஐந்து மணிக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் ஃபைல் திருப்பப்படும்.'"

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, ரெண்டாவது இடது காது பிறவியிலயே வந்ததுன்னு கம்பெனியில சொல்லுதாவ!"

"ஒண்ணும் கேக்கலே குலசேகரம்! கம்பெனி என்ன கேக்குதோ அதைக் குடுத்திரு!" என்று கத்திவிட்டு அவர் அட்சதை போடப் போய்விட்டார்.

குலசேகரம் பதில் எழுதினார்: 'ஐயா, அந்தக் காது பிறவியில் வந்ததல்ல. வியாழன் மதியம் மூன்று மணிக்குத்தான் வந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொள்ளவும்.'

மூளை அண்டாவின் அடிச் சுரண்டல் கம்பெனிக்கும் கொஞ்சம் போயிருக்கும் போல. மூன்றரை மணிக்கு மறுபதில் வந்தது: 'விளக்கம் திருப்தியாக உள்ளது. இரண்டாவது இடது காது பாலிசிக்குப் பிறகு வந்தது என ஏற்கிறோம். ஆனால் வலது காது குறித்து எந்த ஆவணமும் இல்லை. அது காணாமல் போயிருந்தால் போலீஸ் புகார் நகலை இணைக்கவும்.'

மாசானத்தை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஸ்டேஷன் ரைட்டர் முத்திரைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன காணோம்?"

"காது, ஐயா."

"காதுல கெடந்ததா?"

"காதேதான். இவரோட வலது காது."

ரைட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அதான் ஒட்டிக்கிட்டு இருக்கேய்யா."

"ஐயா, கண்ணுக்குத் தெரியறதை விடுங்க. தாள்ல இருக்கா, பாருங்க." குலசேகரம் ரெஜிஸ்டரையும், கம்பெனிக் கடிதத்தையும், ஃபாரத்தையும் பரப்பினார்.

ரைட்டர் முப்பது வருஷ சர்வீஸ்காரர். தாளில் இல்லாத எதையும் அவரும் ஒருநாளும் நம்பியதில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். வலது காது உண்மையிலேயே இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு புகார்த்தாளை எடுத்தார்.

"அடையாளம்?"

"சின்ன வயசுல குத்தின ஓட்டை ஒண்ணு உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பும்," என்றார் மாசானம். சொல்லிக்கொண்டே அந்தக் காதைத் தடவிக்கொண்டார்.

"யார் மேலயும் சந்தேகம் உண்டா?"

"என் சம்பந்தி மேல உண்டு. ரகசியம் சொல்லணும்னா அந்தக் காதையேதான் புடிச்சு இழுப்பான்."

எழுதி முடிக்கும்போது மணி நாலு நாற்பது. ரைட்டர் தொண்டையைச் செருமினார். "இப்ப வாசிச்சுக் காட்டுவேன். கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும். கேக்காமப் போட்டா கேஸ் நிக்காது." அவர் உட்கார்ந்திருந்தது மாசானத்துக்கு இடது பக்கம். வாசித்தார்.

"ஒண்ணும் கேக்கலே," என்றார் மாசானம்.

உரக்க வாசித்தார்.

"வாய் அசையுது. அவ்வளவுதான்."

"அந்தப் பக்கமா வந்து வாசிங்கய்யா," என்றான் பட்டுராஜன்.

"அந்தப் பக்கத்துக் காதுதான காணோம்?" என்றார் ரைட்டர்.

கேட்கிற காது காணாமல் போயிருக்கிறது. காணாமல் போகாத காது கேட்கவில்லை. மணி நாலு நாற்பத்தெட்டு. குலசேகரத்துக்கு முக்காலியும் மாமனாரும் சேர்ந்து தெரிந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் அவருடைய பங்கு மூளை முழுசாக வேலை செய்தது.

"ஐயா! பெரியவர் இன்னும் கையெழுத்துப் போடலேலா? கையெழுத்து இல்லேன்னா புகார் முடியலே. புகார் முடியலேன்னா காது இன்னும் காணாமப் போகலே. போறதுக்குள்ள சீக்கிரம் வாசிங்க!"

ரைட்டருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பாய்ந்து வலது பக்கம் வந்து, குனிந்து, அந்தக் காதுக்குள்ளேயே கடகடவென்று வாசித்தார்: "'மேற்படி வலது காதானது எங்கு தேடியும் கிடைக்கவில்லை...'"

"ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. எல்லாம் சத்தியம்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாசானம் கையெழுத்துப் போட்டார்.

குலசேகரம் செல்போனில் நகலைப் படம் பிடித்து அங்கேயே அனுப்பினார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு ஐம்பத்தேழுக்கு ஒரு வரி வந்தது: 'ஏற்கப்பட்டது.'

குலசேகரம் துள்ளிக் குதித்து, மாசானத்தின் வலது காதில் போய், "பெரியவரே, ஃபைல் பாஸாயிட்டு!" என்றார்.

மாசானம் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டாச்சு தம்பி. இனிமே அந்தப் பக்கம் கேக்கப்படாது. போலீஸ் கேஸு. இடது பக்கமா வந்து சொல்லுங்க."

குலசேகரம் இடது பக்கம் ஓடினார். "ஃபைல் பாஸாயிட்டு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஸ்டேஷனுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசானம் உதட்டைப் பிதுக்கினார். "இதுல கேக்காதுன்னுதான உங்ககிட்ட வந்தேன்?"

"அண்ணாச்சி, இதுக்கு எதுக்குத் தொண்டையைக் கிழிக்கீய?" என்றான் பட்டுராஜன். "அவருக்கு ரெண்டு இடது காது இருக்குல்லா? அது கேக்கலேன்னா இதுல சொல்லுங்க." சொல்லிவிட்டு, தலைமுடியை ஒதுக்கித் தன்னுடைய இடது காதை நீட்டினான்.

குலசேகரம் அதில் வாய் வைத்து, ரகசியமாகச் சொன்னார்: "ஃபைல் பாஸாயிட்டு."

"ஆங்," என்று நாலடி தள்ளி நின்ற மாசானம் முகமெல்லாம் மலர்ந்தார். "இப்ப கேக்கு!"